‘நோ கிரெடிட்’ வந்துவிட்டது. சார்ட்டர் பள்ளியிலிருந்து மகளை மாற்றிவிடலாமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக: கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வசிக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பில் குலுக்கல் முறையில் இடம் கிடைத்து ஒரு சார்ட்டர் உயர்நிலைப் பள்ளியில் (அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தில் நடக்கும் பள்ளி) சேர்ந்து, இப்போது பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். பாடநூலும் தேர்வும் குறைவாகவும், குழுவாகச் செய்யும் செயல்திட்டங்கள் அதிகமாகவும் உள்ள பள்ளி அது. முதல் பருவத்தின் முடிவில் உயிரியலில் ‘நோ கிரெடிட்’ என்று, அதாவது பாடத்தை முடித்ததாகக் கணக்கில் சேர்க்க முடியாது என்று, வந்திருக்கிறது. ‘சி’க்குக் கீழே எந்த மதிப்பெண்ணுக்கும் அந்தப் பள்ளி கிரெடிட் தருவதில்லை. அருகிலுள்ள மாவட்டப் பள்ளியில் (வழக்கமான அரசுப் பள்ளி) ‘டி’ வாங்கினாலே தேர்ச்சி, அங்கே ஏ.பி. எனப்படும் கல்லூரி நிலைப் பாடங்களும் உண்டு, இங்கே ஒன்றுமே இல்லை, இந்தப் பள்ளியின் டிப்ளோமாவை (பள்ளிப் படிப்பு முடித்த சான்றிதழை) யார் மதிப்பார்கள் என்று கணவர் கேட்கிறார். பள்ளியின் கவுன்சிலரோ (மாணவர் ஆலோசகர்), “வேறு பள்ளி இவளுக்குப் பொருத்தமாக இருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்” என்று சொல்லியிருக்கிறார். பெற்றோர் ஆண்டுக்கு 30 மணி நேரம் பள்ளிக்காகத் தொண்டு செய்ய வேண்டுமாம். அதைச் செய்ய முடியாததால்தான் இந்தப் பேச்சு வந்ததோ என்ற அச்சம் தாய்க்கு இருக்கிறது. மகள் மட்டும் பள்ளியை விட்டு வர மாட்டேன் என்று உறுதியாக நிற்கிறாள். சரிவராவிட்டால் இந்தியாவில் பொறியியல் சேர்த்துக்கொள்ளலாம் என்பது கணவரின் மாற்று ஏற்பாடு.

அன்புள்ள சகோதரிக்கு,

பள்ளியை மாற்றுவது பற்றி இந்த மாதமே முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் உங்கள் கடிதத்தில் எனக்குத் தென்படவில்லை. உயிரியலைச் சரிசெய்வதற்குத்தான் அவசரம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் வீட்டில் வாக்குவாதம் நீள்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் கணவரின் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர் சொல்லும் காரணங்களில் முக்கியமான ஒன்று, உண்மையில் அவருடைய வாதத்துக்கே எதிராகப் பேசுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

டிப்ளோமாவின் மதிப்பு

சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளி அல்ல. அமெரிக்காவில் இதற்கான முதல் சட்டம் 1991இல் மினசோட்டாவில் வந்தது; அடுத்த ஆண்டே, 1992இல், கலிபோர்னியா இரண்டாவது மாநிலமாகச் சட்டம் இயற்றியது. வரிப்பணத்தில் நடப்பதால் கல்விக் கட்டணம் வாங்கக் கூடாது, மதம் சார்ந்து இயங்கக் கூடாது, இடத்துக்கு மேல் விண்ணப்பங்கள் வந்தால் வெளிப்படையாகக் குலுக்கல் நடத்த வேண்டும். உங்கள் மகளுக்கு இடம் கிடைத்ததும் அப்படித்தான். மாநிலத் தேர்வுகளை மற்ற அரசுப் பள்ளி மாணவர்களைப் போலவே இவர்களும் எழுதுகிறார்கள். மாவட்டப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தும் கல்விச் சட்டத்தின் பெரும்பகுதியிலிருந்து இப்பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. அதற்கு ஈடாக, எதை எப்படிக் கற்பிப்போம், மாணவர்கள் என்ன சாதிப்பார்கள் என்று தம் சாசனத்தில் எழுதிக் கொடுத்து, அதன்படி நடந்ததைக் காட்டித்தான் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ள முடியும்.

ஆகவே ‘யார் மதிப்பார்கள்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வது பள்ளியின் வகை அல்ல. அந்தப் பள்ளிக்கு வாஸ்க் எனப்படும் மேற்குப் பகுதிக் கல்வி நிறுவனங்களின் தரச்சான்று இருக்கிறதா, அதன் பாடங்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அங்கீகரிக்கப்பட்ட பாடப்பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றனவா என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும். பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. பள்ளியின் பெயரைக் கொடுத்தால் எந்தப் பாடம் எந்தப் பிரிவில் ஏற்கப்படுகிறது என்று தெரிந்துவிடும். இன்று இரவே நீங்களும் கணவரும் ஒன்றாக உட்கார்ந்து பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால், டிப்ளோமாவைப் பற்றிய பேச்சை அத்துடன் முடித்துவிடலாம்.

‘டி வாங்கினாலே தேர்ச்சி’

சொன்னேனே, கணவரின் வாதத்துக்கே எதிராகப் பேசும் காரணம் என்று, அது இதுதான். பள்ளிப் படிப்பை முடிப்பது ஒரு கணக்கு. பல்கலைக்கழகத்தில் சேரத் தகுதி பெறுவது வேறொரு கணக்கு. இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியே கல்லூரிக்குப் போகும் வாசலாக இருந்து பழகிய நமக்கு, இந்த வேறுபாடு எளிதில் பிடிபடுவதில்லை.

பள்ளிப் படிப்பை முடிக்க மாநிலம் விதித்திருக்கும் குறைந்தபட்சத் தேவை மிகவும் மெலிதானது. ஆங்கிலம் 3 ஆண்டு, சமூக அறிவியல் 3 ஆண்டு, கணிதம் 2, அறிவியல் 2, உடற்கல்வி 2, கலை அல்லது அயல்மொழி அல்லது தொழிற்கல்வி ஏதாவது ஒன்றில் 1 ஆண்டு. இதற்கு மேல் ஒவ்வொரு மாவட்டமும் தன் தேவைகளைச் சேர்த்துக்கொள்ளும். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கலிபோர்னியா பல்கலைக்கழகமும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும் கேட்கும் ‘ஏ முதல் ஜி வரை’ என்ற பட்டியலைப் பாருங்கள்: வரலாறு 2 ஆண்டு, ஆங்கிலம் 4, கணிதம் 3, ஆய்வுக்கூடத்துடன் அறிவியல் 2, ஆங்கிலம் அல்லாத மொழி 2, காண்கலை அல்லது நிகழ்த்துகலை 1, விருப்பப் பாடம் 1. மொத்தம் 15 ஓராண்டுப் பாடங்கள். இவை ஒவ்வொன்றிலும் ‘சி’ அல்லது அதற்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். அவற்றில் 11 பாடங்களைப் பதினோராம் வகுப்பு முடிவதற்குள் முடித்திருக்க வேண்டும் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகம் கூடுதலாகக் கேட்கிறது. கணிதத்தில் 4 ஆண்டும், அறிவியலிலும் மொழியிலும் 3 ஆண்டும் படிப்பது நல்லது என்றும் அதுவே பரிந்துரைக்கிறது.

மாவட்டப் பள்ளியில் உயிரியலில் வாங்கும் ‘டி’ கிரெடிட்டைத் தரும். அதை வைத்து டிப்ளோமா வாங்கிவிடலாம். ஆனால் இந்த இரண்டு பல்கலைக்கழக அமைப்புகளிலும் அந்தப் பாடம் எண்ணிக்கையில் வராது. ‘டி’களோடு நான்கு ஆண்டுகளை முடித்து, பட்டமளிப்பு விழாவில் மாலை போட்டுக்கொண்டு படமும் எடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் விண்ணப்பிக்கவே தகுதி இல்லை என்று அறிந்துகொண்ட குடும்பங்களை இந்த வேலையில் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளின் பள்ளி ‘சி’க்குக் கீழே கிரெடிட் தர மறுப்பதன் மூலம், இரண்டு கணக்கையும் ஒரே கணக்காக்கி வைத்திருக்கிறது. கெட்ட செய்தி பன்னிரண்டாம் வகுப்பின் முடிவில் வருவதற்குப் பதிலாகப் பத்தாம் வகுப்பின் நடுவிலேயே வந்துவிட்டது. இதைக் கடுமை என்று உங்கள் கணவர் நினைக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை.

உயிரியலை என்ன செய்வது

கணிதத்திலும் மொழியிலும், அடுத்த நிலைப் பாடத்தில் ‘சி’ வாங்கினால் முந்தைய குறைந்த மதிப்பெண்ணை அது பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். உயிரியலுக்கு அந்தச் சலுகை இல்லை. விட்டுப்போன பருவத்தைத் திரும்பப் படித்தே ஆக வேண்டும். திரும்பப் படித்துக் கிடைக்கும் மதிப்பெண்தான் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண் புள்ளி) கணக்கில் சேரும். அந்த ஜி.பி.ஏ. ஒன்பதாம் வகுப்புக்குப் பிந்தைய கோடை முதல் பதினோராம் வகுப்புக்குப் பிந்தைய கோடை வரையிலான ‘ஏ முதல் ஜி’ பாடங்களைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. மாநிலத்துக்குள் வசிப்பவர்களுக்கு 3.0 குறைந்தபட்சம். ஆகவே நீங்கள் இப்போது நிற்பது கணக்கில் வரும் காலத்தின் தொடக்கத்தில்தான்.

ஆனால் திரும்பப் படிப்பதற்கு முன், ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்க வேண்டும். செயல்திட்ட வழியில் கற்பிக்கும் பள்ளிகளில் ‘நோ கிரெடிட்’ வருவதற்கு, பாடம் புரியாததை விட, ஒப்படைக்காமல் விட்ட வேலைகளே பல நேரங்களில் காரணமாக இருக்கின்றன. சான் டியேகோவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஹைடெக் ஹை இந்த முறைக்குப் பரவலாக அறியப்பட்ட ஓர் உதாரணம். பல வாரங்கள் ஒரே திட்டத்தில் உழைத்து, வெளியாட்களுக்கு முன் காட்சிக்கு வைத்து, தான் கற்றதைப் பேசி விளக்க வேண்டும் என்பது இந்த வழியின் அடிப்படை. நன்றாக நடக்கும் இடத்தில் இது பிள்ளைகளை ஆழமாகச் சிந்திக்க வைக்கும். ஆனால் நாள்தோறும் வீட்டுப்பாடமும் வாரந்தோறும் தேர்வும் இருக்கும் பள்ளியில் பின்தங்குவது உடனே வெளியே தெரிந்துவிடும். இங்கேயோ ஆறு வாரம் கழித்துத்தான் தெரிகிறது. குழுவில் சுறுசுறுப்பான இருவர் மற்றவர்களின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட குழுவில், பேச்சிலும் ஓவியத்திலும் கெட்டிக்காரியாக இருக்கும் ஒரு பெண், செல்லியல் ஒன்றுமே படிக்காமல் பருவத்தைக் கடந்துவிட முடியும். இந்த முறையின் உண்மையான பலவீனம் இது என்பது என் கருத்து. உங்கள் கணவர் கேட்க வேண்டிய கேள்வியும் இதைப் பற்றியதுதான்.

அதனால் உயிரியல் ஆசிரியரை, மகளையும் உடன் அழைத்துக்கொண்டு, சந்தியுங்கள். மதிப்பெண் ஏட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எந்த வேலைகள் வரவில்லை, எவை வந்தும் தரமில்லை, அவளுடைய தனிப்பட்ட புரிதலை எதைக் கொண்டு அளந்தீர்கள், திருத்தி ஒப்படைக்க இன்னும் காலம் இருக்கிறதா என்று கேளுங்கள். இப்படிப்பட்ட பள்ளிகள் பலவற்றில் திருத்தி ஒப்படைக்க ஒரு காலக்கெடு இருக்கும். கேட்காதவர்களுக்கு அது கடந்துபோய்விடும்.

அது முடியாது என்றால், கோடைக்காலப் பள்ளி ஒரு வழி. சமுதாயக் கல்லூரி (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) இன்னொரு வழி: அங்கே மூன்று யூனிட் கொண்ட, பல்கலைக்கழகத்துக்கு மாற்றத்தக்க ஒரு பருவப் பாடம், உயர்நிலைப் பள்ளியின் ஓராண்டுப் பாடத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ளப்படும். பள்ளி மாணவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் தள்ளுபடியாகும். பெற்றோரின் சம்மதமும் பள்ளியின் ஒப்புதலும் வேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை. கல்லூரியில் வாங்கும் மதிப்பெண் கல்லூரிப் பதிவேட்டில் நிலையாகத் தங்கிவிடும்; பின்னாளில் மருத்துவக் கல்லூரிக்கோ முதுகலைக்கோ விண்ணப்பித்தாலும் அதைக் காட்ட வேண்டியிருக்கும். உயிரியலில் ஏற்கெனவே தடுமாறிய பதினைந்து வயதுப் பெண்ணுக்கு, வேகமாக ஓடும் கல்லூரிப் பாடத்தை முதல் வழியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். கோடைக்காலப் பள்ளியே போதும். எங்கே படித்தாலும், சேர்வதற்கு முன்பே ‘இந்தப் பாடத்தை ஏற்றுக்கொள்வோம்’ என்று உங்கள் பள்ளியிடமிருந்து எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஏ.பி. இல்லையே?

ஏ.பி. பாடங்கள் இல்லாத பள்ளியிலிருந்து நல்ல பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாது என்பது நம்மவர்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. விண்ணப்பதாரரை அவருடைய பள்ளியில் கிடைக்கும் வாய்ப்புகளின் பின்னணியில்தான் கலிபோர்னியா பல்கலைக்கழகம் மதிப்பிடுகிறது. இல்லாத பாடத்தை எடுக்கவில்லை என்று யாரும் குறை சொல்வதில்லை. ஜி.பி.ஏ.வில் சேரும் கூடுதல் புள்ளி ஏ.பி.க்கு மட்டுமே உரியதும் அல்ல. பல்கலைக்கழகம் அங்கீகரித்த ஆனர்ஸ் (உயர்நிலை) பாடங்களுக்கும், மாற்றத்தக்க சமுதாயக் கல்லூரிப் பாடங்களுக்கும், மொத்தம் 8 பருவங்கள் என்ற வரம்புக்குள் அது கிடைக்கும். மேலும், தகுதி பெற்ற ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 9 சதவீதத்துக்குள் வரும் மாணவர்களுக்கு ஒரு தனி ஏற்பாடு உண்டு. அங்கே ஒப்பிடப்படுவது அவள் பள்ளி மாணவர்களோடுதான். எஸ்.ஏ.டி. என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வீட்டில் இருந்தால் அதையும் திருத்திக்கொள்ளுங்கள்: கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2021 முதலும் மாநிலப் பல்கலைக்கழகம் 2022 முதலும் சேர்க்கையில் அதைப் பார்ப்பதே இல்லை. எம்.ஐ.டி. போன்ற சில தனியார் நிறுவனங்கள் மீண்டும் கேட்கத் தொடங்கிவிட்டன. அங்கே போக எண்ணினால் அது வேறு கதை.

பதினோராம் வகுப்பில் வேதியியலையும் உயர்நிலைக் கணிதத்தையும் உங்கள் பள்ளி ‘ஏ முதல் ஜி’ அங்கீகாரத்துடன் தருகிறதா என்று மட்டும் பாருங்கள். தரவில்லை என்றால், பொறியியல் ஆசை உள்ள வீட்டுக்கு, ஏ.பி. இல்லாததை விட அதுதான் பெரிய குறை.

இந்தியா என்ற மாற்று ஏற்பாடு பற்றிச் சுருக்கமாக. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் சமநிலைச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும், அதற்குப் பள்ளியின் தரச்சான்று கேட்கப்படும். இங்கே ஆண்டுக்கு ஓர் அறிவியல் என்று படித்து முடிப்பார்கள். அங்கே பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும், மருத்துவத்துக்கு என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் எதிர்பார்ப்பார்கள் என்பதால், இது கடைசி நேரத்தில் கைகொடுக்கும் ஏற்பாடு அல்ல, இப்போதே பாடத்தேர்வில் திட்டமிட வேண்டியது.

பள்ளி உங்களைப் போகச் சொல்லலாமா?

கவுன்சிலர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. படிப்பில் பின்தங்கியவர் என்பதற்காகவோ, உடற்குறை, மொழி, பொருளாதார நிலை போன்ற காரணங்களுக்காகவோ ஒரு மாணவரைப் பள்ளியை விட்டுப் போகும்படி ஊக்குவிக்கக் கூடாது என்று கலிபோர்னியாவின் சார்ட்டர் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. எந்தக் காரணத்துக்காகவாவது மாணவரை நீக்க விரும்பினால், குறைந்தது ஐந்து பள்ளி நாட்களுக்கு முன்பாக எழுத்துமூலம், பெற்றோருக்கு உரிய மொழியில், அறிவிப்புத் தர வேண்டும். விசாரணை கோரும் உரிமை உங்களுக்கு உண்டு. பெற்றோரின் தொண்டு நேரத்தைப் பள்ளி வேண்டிக் கேட்கலாம்; ஆனால் சேர்க்கைக்கோ தொடர்ந்து படிப்பதற்கோ அது நிபந்தனை அல்ல என்று பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டியது பள்ளியின் கடமை. அந்த 30 மணி நேரத்தால் மகளின் இடம் போய்விடாது. மாணவர் தாமே செய்ய வேண்டிய சமூகப்பணி நேரம், பன்னிரண்டாம் வகுப்பின் இறுதித் திட்டம், அதை நடுவர்கள் முன் விளக்குவது போன்றவை இதிலிருந்து வேறு; அவற்றைப் பள்ளி டிப்ளோமாவுக்கான தேவையாகவே வைத்திருக்கலாம். எவை எவை என்று கையேட்டில் பாருங்கள்.

கவுன்சிலர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கவும் கூடும். சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. “நீங்கள் அன்று சொன்னதை நாங்கள் சரியாகப் புரிந்துகொண்டோமா? மகள் இங்கேயே தொடர விரும்புகிறாள். அவள் உயிரியலை மீட்க என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள்?” என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். அழுத்தம் தொடர்ந்தால், அப்பள்ளிக்கு அனுமதி வழங்கிய அமைப்பிடம் புகார் கொடுக்க மாநிலக் கல்வித் துறையின் படிவமே இருக்கிறது.

மாற்றுவதென்று முடிவானால்

உங்கள் வசிப்பிட மாவட்டம் அவளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அருகிலுள்ள பள்ளி நிரம்பியிருந்தால் மாவட்டத்தின் வேறொரு பள்ளியில் இடம் தரக்கூடும். அரசுப் பள்ளியில் முடித்த படிப்புக்கான கிரெடிட்டை அவர்கள் ஏற்க வேண்டும் என்றாலும், எந்தப் பாடத்துக்கு ஈடாக வைப்பது என்பதில்தான் சிக்கல் வரும். ஆங்கிலத்தையும் வரலாற்றையும் ஒன்றாக்கி ‘ஹியூமானிட்டீஸ்’ என்று நடத்தும் பள்ளியிலிருந்து, கணிதத்தைக் கலந்து மூன்று பகுதியாகக் கற்பிக்கும் பள்ளியிலிருந்து, அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி என்று தனித்தனியாக நடத்தும் பள்ளிக்கு நடு ஆண்டில் போகும் பிள்ளை, ஒரு பாடத்தின் பாதியை இரண்டுமுறை படித்து மறுபாதியைப் படிக்காமலே விடக்கூடும். மாறினால் பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு மாறட்டும். அதற்கு முன் டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பதிவேட்டை) எடுத்துக்கொண்டு மாவட்டப் பள்ளியின் கவுன்சிலரைச் சந்தித்து, எது எதற்கு ஈடாகும் என்று பாடவாரியாக எழுதி வாங்குங்கள். வெளியேறினால் அவளுடைய இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும் என்பதையும், திரும்பி வர மறுபடியும் குலுக்கல்தான் என்பதையும் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு அவள் போவதாக எழுதியிருக்கிறீர்கள். சில தமிழ்ப் பள்ளிகளின் படிப்பைச் சில மாவட்டங்கள் மொழிக் கிரெடிட்டாக ஏற்கின்றன. உங்கள் சார்ட்டர் பள்ளி ஏற்குமா, ஏற்றால் அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்டில் பதிவு செய்யுமா என்று இப்போதே கேளுங்கள். பதிவாகாத மொழி, பல்கலைக்கழகத்தின் கண்ணில் படிக்காத மொழிதான்.

உங்கள் இளைய மகனுக்கு விதிகள் ஏதும் மாறுமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 2031இல் பள்ளி முடிக்கும் வகுப்பிலிருந்து, தனிநபர் நிதி மேலாண்மையில் ஒரு பருவப் பாடம் கட்டாயமாகிறது. 2024இல் வந்த அந்தச் சட்டம் சார்ட்டர் பள்ளிகளுக்கும் பொருந்தும்.

மகள் ஏன் வர மறுக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. தோழிகளுக்காகவா, ஓர் ஆசிரியருக்காகவா, அல்லது முதன்முறையாக ஒரு வேலையில் தானே ஈடுபட்டுச் செய்கிறோம் என்ற உணர்வா என்பதைப் பொறுத்து என் ஆலோசனையே மாறும். ஆசிரியர் சந்திப்பு முடிந்த பிறகு, கணவர் வாதாடாமல் கேட்கும் ஒரு வேளையில், அவளிடம் கேட்டு எழுதுங்கள்; டிரான்ஸ்கிரிப்டின் நகலையும், பெயர்களை மறைத்து, இணைத்து அனுப்புங்கள்.